வேறு சாவி

திண்டுக்கல் லீவர் பூட்டு ஒன்றைப் பிரித்தால், உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டை இம்மி பிசகாமல் உரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற உத்தி இது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அரமும் கையுமாக உட்கார்ந்தவர்கள் அந்த வேலைக்கு ஊரின் பெயரையே வாங்கிக் கொடுத்தார்கள். 2019இல் புவிசார் குறியீடும் வந்தது.

இந்தத் தகடுகளில் ஒன்றை வைக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதற்குரிய சாவியைப் போட்டால் பூட்டு எப்போதும்போலத் திறக்கும். குறை கண்ணில் படாது. வேறு சாவியைப் போட்டால்தான் அம்பலமாகும்.

கைப்பேசியிலும் கணினியிலும் குறிப்பெழுதும் செயலிகளில் ஓட்டை பிறப்பதும் இப்படித்தான். நாம் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் உள்ளே ஓர் எண் உண்டு. 412 என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனதும் செயலி நமக்காகச் சர்வரிடம் "412ஐக் கொடு" என்று கேட்கும். சர்வர் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். உள்ளே வந்தவர் யார்? 412 அவருடையதுதானா? முதல் கேள்வியைப் பொதுவாக யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது இரண்டாவதுதான். செயலியை எழுதியவர் தன் கணக்கில் நுழைந்து தன் குறிப்பையே திறந்து பார்க்கிறார், திறக்கிறது. வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார். பிழைச் செய்தி ஏதும் வராது. ஆனால் உள்ளே வந்த இன்னொருவர் 412ஐ 413 ஆக்கினால், முன்பின் தெரியாத ஒருவரின் மருத்துவக் குறிப்போ வீட்டுக் கணக்கோ அவர் முன்னால் விரியும்.

இது வெறும் கற்பனை அல்ல. ஆதாரும் மதிப்பெண் பட்டியலும் வைக்கும் அரசின் டிஜிலாக்கரில் 2020 மே மாதம் இதற்கு நெருங்கிய உறவான ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. கைப்பேசிக்கு வந்த ஓடிபி சரிதானா என்று சர்வர் பார்த்தது. அது யாருக்கு வந்த ஓடிபி என்று பார்க்கவில்லை. அதனால் ஒருவர் இன்னொருவரின் பெட்டிக்குள் நுழைய வழியிருந்தது. அப்போது அதில் 3.8 கோடிப் பேர் இருந்தார்கள். அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் தந்த ஒரு நாளுக்குள் அடைத்துவிட்டதாக டிஜிலாக்கர் அறிவித்தது. அடைத்தது நல்லது. ஆனால் பெட்டியை மக்கள் கையில் கொடுக்கும் முன்பே அந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும்.

வலைச் செயலிகளின் ஆபத்துகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு, 2021 பட்டியலில் இந்த அனுமதிக் குறைகளை ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏற்றியது. அடைப்பதற்குப் பல நேரம் ஒரு வரி போதும். கண்டுபிடிக்க இரண்டு கணக்குகள் போதும்: ஒன்றில் ஒரு குறிப்பை எழுதிவிட்டு, மற்றதில் நுழைந்து அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.