பொலன்னறுவையில் காணாது விடுபவை

இலங்கைக்குச் செல்லும் உல்லாசப் பயணிகளுள் பெரும்பாலோர் கண்டி மாநகரைக் கண்டபின் வடகிழக்கே திரும்பிப் பொலன்னறுவையை அடைவர். வழிகாட்டி ஒருவன் முன்செல்ல, அரை நாளில் பழைய அரண்மனை, வட்ட வடிவான தாது கோபுரம், கல் விகாரை ஆகியவற்றைப் பார்த்து, பராக்கிரம சமுத்திரக் கரையில் சற்றே இளைப்பாறி, மாலைக்குள் தங்குமிடம் திரும்பிவிடுவர். இவை யாவும் காணத் தக்கனவே. ஆயினும் இம்மூன்றையும் கண்டு திரும்புவோர் நகரின் பாதியைத்தான் கண்டவராவர். மற்றப் பாதி, வழிகாட்டி வேகமாக நடந்து கடக்கும் சில கற்களில் இருக்கிறது. அவற்றுட் சில தமிழில் பேசுகின்றன. அவை கூறும் செய்தி தமிழருக்கு முழுவதும் பெருமை தருவதன்று. முழுவதும் சிறுமை தருவதுமன்று. அதனாலேயே அவற்றை நிதானித்துக் காண வேண்டும்.

இந்நகர் தலைநகரானது எவ்வாறு என்பதிலிருந்தே தொடங்குதல் நன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையின் தலைநகராக விளங்கியது அநுராதபுரம். முதலாம் இராசராசனின் படை கி.பி. 993 அளவில் ஈழத்திற் புகுந்து அந்நகரைப் பாழாக்கிற்று. விகாரைகள் கொள்ளையிடப்பட்டன. 1017-இல், இராசேந்திரன் காலத்தில், ஐந்தாம் மகிந்தன் தன் முடியோடும் அரச சின்னங்களோடும் பிடிபட்டுச் சோழநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, 12 ஆண்டுகள் சிறையிருந்து அங்கேயே மாண்டான். சோழர் அநுராதபுரத்தை விடுத்துப் பொலன்னறுவையைத் தம் இருப்பிடமாகத் தேர்ந்தனர். காரணம் வெளிப்படை. எதிர்ப்பெல்லாம் தென்கிழக்கேயுள்ள உரோகண நாட்டிலிருந்தே எழுந்தது. அங்கிருந்து வருவோர் மகாவலி கங்கையின் துறைகளைக் கடந்தாக வேண்டும். அத்துறைகளைக் காவல் செய்ய ஏற்ற இடம் பொலன்னறுவை. பழங் கல்வெட்டுகளிற் புலைநரி எனப்படும் இவ்வூருக்குச் சோழர், இராசராசனின் விருதுப் பெயரால், சனநாத மங்கலம் எனப் பெயரிட்டனர். 1025-இல் கடாரத்தின்மேற் சென்ற கடற்படை புறப்பட்டபோது, ஈழம் மும்முடிச் சோழ மண்டலம் என்ற பெயரோடு சோழரின் ஒரு மண்டலமாகவே இருந்தது.

அக்காலத்தின் சான்றாக நிற்பது நகரின் வடபுறத்தே, பெருவழியினின்று சற்று விலகி மரங்களிடையே உள்ள சிறு கோயில். தொல்பொருள் இலாகாவினர் இதற்கு இட்ட பெயர் இரண்டாம் சிவ தேவாலயம். பெயர் சுவையற்றது, கோயிலோ அழகானது. அடி முதல் சிகரம் வரை கல்லாலேயே எழுப்பப்பட்டு, ஏறத்தாழப் பழுதின்றி இன்றும் நிற்பது. தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் வானளாவ எழுந்த அதே கலை இங்கே ஆள் கைக்கு எட்டும் அளவிற் சுருங்கி நிற்கிறது எனலாம். பொலன்னறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது இதுவே என்பர். இதன் சுவரிலுள்ள கல்வெட்டுகள் கோயிலின் உண்மைப் பெயரைக் காட்டிக் கொடுக்கின்றன. அது வானவன் மாதேவி ஈச்சரம். வானவன் மாதேவி என்பாள் இராசராசனின் தேவி, இராசேந்திரனின் தாய். மகன் வென்ற நாட்டில் தாயின் பெயரால் ஒரு கோயில்! கல்வெட்டுகளுள் ஒன்று அதிராசேந்திரனுடையது. அவன் தனித்து அரசாண்டது சில மாதங்களே; 1070-இல் அவன் ஆட்சி முடிந்தது. ஈழத்திற் சோழர் ஆட்சி முடிந்ததும் அதே ஆண்டிற்றான். கருவறையில் இலிங்கம் இன்றும் உளது. வழிச்செல்வோர் சிலர் பூ வைத்து விளக்கேற்றுவதும் உண்டு.

சோழரை ஓட்டியவன் முதலாம் விசயபாகு. அநுராதபுரத்தை மீட்டும் அவன் அங்கே திரும்பவில்லை. சோழர் தேர்ந்த நகரையே தன் தலைநகராகக் கொண்டு, அதற்கு விசயராசபுரம் எனத் தன் பெயரைச் சூட்டினான். பிக்குகளுக்கு உபசம்பதை செய்விக்கப் போதிய தேரர்கள் நாட்டில் இல்லாத நிலை இருந்தமையால், பர்மா நாட்டு அனுருத்த மன்னனிடம் ஆளனுப்பித் தேரர்களை வரவழைத்தான். இத்தகைய பௌத்தப் பேரன்பனாகிய அவன், வானவன் மாதேவி ஈச்சரத்தை இடிக்கவில்லை என்பதைக் கருதுக. அதுமட்டுமன்று. கந்தளாய்க்கு அருகே பளமோட்டையிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனது 42-ஆம் ஆட்சியாண்டில் ஓர் அந்தணக் கைம்பெண் தன் கணவன் நினைவாகச் சிவன் கோயிலுக்கு அளித்த கொடையைக் கூறுகிறது. அக்கோயிலின் பெயர் விசயராச ஈச்சரம். சோழரை விரட்டியவன் பெயராலேயே ஒரு சிவாலயம்! அக்கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இவ்வேளைக்காரர் யார்? அரசனுக்கு இடுக்கண் வந்த வேளையில் உயிர் கொடுப்பதாக உறுதி பூண்டு போர்புரிந்த படைஞர் என்பர். சோழர் படையில் இருந்த இவ்வகைப் படைகள் ஈழத்திலும் இருந்தன. சோழர் போன பின்னும் போகவில்லை. விசயபாகு இவர்களைக் கூலிகொடுத்து வைத்துக்கொண்டான். சுமார் 1085-இல் சோழர்மீது படையெடுக்க இவர்களை ஏவியபோதுதான் வினை விளைந்தது. தம் இனத்தார்மேற் செல்ல மறுத்து இவர்கள் கிளர்ந்தனர். தளபதியர் இருவரைக் கொன்றனர், அரண்மனையைக் கொளுத்தினர், அரசன் தங்கை மித்தையையும் அவள் மைந்தர் மூவரையும் பிடித்தனர் என்று சூளவம்சம் கூறும். நகரை விட்டகன்ற அரசன் படைதிரட்டி மீண்டு, கலகத் தலைவர்களைக் கட்டுவித்து, கொலையுண்ட தளபதியரைத் தகனஞ் செய்த இடத்தைச் சூழ நிறுத்தித் தீயிட்டான். இரு பக்கத்தும் இரக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதனை நினைவில் இருத்திக்கொண்டு பயணி நகரின் நடுவேயுள்ள மதில் சூழ்ந்த மேடையை அடைய வேண்டும். வட்டதாகே என்னும் வட்டக் கோயிலின் அழகில் எல்லோரும் மயங்குவர், மயங்கத்தான் வேண்டும். அதற்கு எதிரே, கற்றூண்கள் மட்டும் எஞ்சிய அட்டதாகே உளது. விசயபாகு புத்தர் பெருமானின் தந்தத்தை வைத்துப் போற்றிய ஆலயம் அது. அத்தந்தம் யார் கையில் உளதோ அவருக்கே இலங்கை உரியது என்ற எண்ணம் அக்காலத்தே வேரூன்றி வந்தது. அட்டதாகேயின் அருகே நிற்கும் கற்பலகையே வேளைக்காரர் கல்வெட்டு. தொடக்கத்தில் வடமொழிச் சுலோகம், எஞ்சியது தமிழ்.

விசயபாகு 55 ஆண்டு அரசாண்டு 1110-இல் மறைந்தான். அவனுக்குப் பின் அரியணைக்குப் போட்டி மூண்டு நாடு துண்டுபட்டது. அந்நிலையில் தந்தக் கோயிலுக்குக் காவலர் வேண்டும். முகலன் என்னும் மகாதேரர் யாரை அழைத்தார்? அரண்மனையைக் கொளுத்திய அதே வேளைக்காரரைத்தான்! அவர்கள் தம் மூத்தோரான வலஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டி வைத்துக்கொண்டு, அக்கோயிலைத் தம் காவலில் ஏற்றனர். ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தலதாய்ப் பெரும்பள்ளி’ எனத் தம் பெயரையே அதற்கு இட்டனர். கோயிலின் ஊர்களையும் பணியாட்களையும் பொருளையும், அடைக்கலம் புகுந்தோரையும், தாம் அழிந்தாலும் காப்பதாகக் கல்லில் உறுதி எழுதினர். உறுதி கூறியோர் ஒரே குலத்தாரும் அல்லர். வலங்கை, இடங்கை என்பாரோடு வடுகரும் மலையாளரும் அப்பட்டியலில் உளர். சிங்களர் போற்றும் மிகப் புனிதமான பொருளுக்குத் தமிழிற் காவல் முறி எழுதப்பட்டது என்பதை இன்று அப்பலகையைத் தாண்டிச் செல்வோருள் எத்தனை பேர் அறிவர்? எழுத்துத் தேய்ந்திருப்பினும், அது என்ன சொல்கிறது என்பதையாவது அறிந்துகொண்டு அதன்முன் சில நிமிடம் நிற்பது நலம்.

மித்தையின் மைந்தர் மூவர் கலகக்காரரிடம் சிக்கினர் எனக் கண்டோம். அவள் கணவன் பாண்டிய குலத்து இளவரசன். அம்மூவருள் ஒருவனான மானாபரணனின் மகனே மாமன்னன் பராக்கிரமபாகு (1153–1186). பயணிகள் காணும் பொலன்னறுவையிற் பெரும்பகுதி இவன் செய்தது. ஏழு நிலை மாடம் என்று நூல் கூறும் அவனது அரண்மனையிற் செங்கற் சுவர்களே எஞ்சியுள்ளன. அவையும் ஒருவர் கைவிரித்தாலும் அளக்கவொண்ணாத் தடிப்பின. பராக்கிரம சமுத்திரம் ஏரி என்னும் பெயருக்கு அடங்காதது. அதன் கரை 8 மைலுக்கு மேல் நீள்கிறது. காடு மூடிக் கிடந்த அது 20-ஆம் நூற்றாண்டின் நடுவிற் செப்பனிடப்பட்டு, இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது. அரண்மனை இடிந்தது, ஏரி உழைக்கிறது. கல் விகாரையிலோ ஒரே கருங்கற் பாறையிற் செதுக்கிய புத்தர் உருவங்கள். நின்ற உருவம் சுமார் 23 அடி. கிடந்த உருவம் சுமார் 46 அடி. தலையணையில் முகம் அழுந்திய சிறு பள்ளத்தைக்கூடச் சிற்பி மறக்கவில்லை. கை மடக்கி நிற்பவர் ஆனந்தரா, புத்தரேயா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். அப்பாறையிலேயே பிரிந்து நின்ற சங்கத்தாரை ஒன்றுபடுத்திப் பிக்குகளுக்கு அவ்வரசன் வகுத்த ஒழுக்க விதிகளும் பொறிக்கப்பட்டுள்ளன.

வழிகாட்டிகள் பலர் இங்கே திரும்பி விடுவர். பயணி திரும்பலாகாது. இன்னும் வடக்கே சென்றால் காடடர்ந்த ஒரு குன்று தெரியும். அது குன்றன்று, முடிவுறாத தூபி. பெயர் தெமள மகா சேய, அஃதாவது தமிழப் பெருந்தூபி. பராக்கிரமபாகு மதுரை அரசுரிமைப் போரிற் புகுந்து, இலங்காபுரன் என்னும் தண்டநாயகனைப் பாண்டிநாட்டுக்கு அனுப்பினான். அங்கே பிடிபட்டுக் கடல் கடந்து வந்த தமிழ்க் கைதிகளைக் கொண்டு எழுப்பத் தொடங்கியது இத்தூபி. போரின் முடிவைப் பற்றிச் சூளவம்சம் வெற்றியையே பாடும். சோழர் கல்வெட்டோ இலங்காபுரனின் தலை மதுரைக் கோட்டை வாயிலில் ஆணியடித்து வைக்கப்பட்டது என்று கூறும். அரசர் இருவரும் தத்தம் புலவரை வைத்துக்கொண்டனர். மண் சுமந்த கைதிகளுக்குப் புலவர் இல்லை. அவர்கள் பெயரில் ஒன்றேனும் எஞ்சவில்லை. ‘தெமள’ என்ற சொல் மட்டும் எஞ்சிற்று.

அடுத்து வந்த நிசங்கமல்லனைப் பற்றி (1187–1196) அதிகம் கூற வேண்டுவதில்லை. தன்னைப் பற்றி அவனே அளவுக்கு மிஞ்சிக் கூறிக்கொண்டான். சுமார் 27 அடி நீளமுள்ள கற்புத்தகம் அவன் புகழே. அதனினும் அவன் தாமரைத் தண்டு போல் வளைந்த தூண்களோடு கட்டிய சிறு மண்டபம் கண்ணுக்கினியது.

1215-இல் கலிங்க மாகன் வந்தான். அவன் படையில் தமிழரும் கேரளரும் இருந்தனர். அப்போது அரியணையில் இருந்த பராக்கிரம பாண்டியனின் கண்களைப் பறித்தான், விகாரைகளை இடித்தான், நூல்களை அழித்தான். பிக்குகள் தந்தத்தை எடுத்துச் சென்று மலைநாட்டில் மறைத்தனர். வேளைக்காரர் கல்லில் எழுதிய உறுதி அன்று உதவிற்றா என்பதற்குச் சான்றில்லை. சிங்கள அரசு தென்மேற்கே தம்பதெனியாவுக்குப் பெயர்ந்தது. நாளடைவில் நகரைக் காடு விழுங்கிற்று. 1820-இல் பேகன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி இவ்விடிபாடுகளைக் கண்டு எழுதிய பின்னரே வெளியுலகம் மீண்டும் இதனை அறிந்தது.

மதிலகத்தின் தென்புறத்தே முதலாம் சிவ தேவாலயம் உளது. இது பாண்டியர் பாணியது. 13-ஆம் நூற்றாண்டினது என்பர். மேற்கூரை விழுந்துவிட்டது. சுவர்க்கற்கள் ஒன்றோடொன்று பொருந்தியுள்ள நேர்த்தியோ வியக்கத் தக்கது. 1907, 1908-ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் பெல் என்பார் இவ்விடத்தே அகழ்ந்தபோது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. நடராசர், சிவகாமி, சுந்தரமூர்த்தி நாயனார் எனத் தமிழர் நன்கறிந்த உருவங்கள்! ஆனந்த குமாரசுவாமியும் பொன்னம்பலம் அருணாசலமும் அவற்றைப் பற்றி எழுதி உலகறியச் செய்தனர். 1960-இல் ஐந்தாம் சிவ தேவாலயத்திலும் மேலும் சில கிடைத்தன. அவற்றுள் ஒன்று காரைக்கால் அம்மையார். போர் நெருங்கிய காலத்தில் யாரோ அவற்றை மண்ணிற் புதைத்திருக்க வேண்டும் எனக் கருதலாம். புதைத்தவர் மீண்டு வந்து எடுக்கவில்லை. இத்திருமேனிகளிற் பலவற்றைக் கொழும்பு அரும்பொருட் காட்சிசாலையிலும், சிலவற்றைப் பொலன்னறுவைக் காட்சிசாலையிலும் இன்று காணலாம். சிவனடியில் இருந்து பாடும் அம்மையார், உடல் வற்றி எலும்பு தெரிய, கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கிறார்.