பால் குறைந்த மரமும் வீழ்த்தும் நாளும்

இணையத்தில் விளம்பரம் செய்யும் வணிகர்க்கு இன்று ஓயாத கணக்கு ஒன்று உண்டு. பல இடங்களில் விளம்பரம் வைக்கின்றனர். சில இடங்கள் வாடிக்கையாளரைக் கொண்டுவருகின்றன. வேறு சில பணத்தை விழுங்கிவிட்டு வாளா இருக்கின்றன. பயன் தராத இடத்தை எத்தனை நாள் பார்த்துவிட்டு நீக்குவது? கேள்வி புதியதன்று. கெத்தில் ஆறு மூடா ஆற்றொடு கலக்குமிடத்தில் அமைந்தது கெடாவின் கோலா கெத்தில். ‘கோலா’ என்னும் மலாய்ச் சொல்லே ஆற்று முகத்தைக் குறிப்பதாகும். அவ்வூரைப் போன்ற ஊர்களைச் சூழ்ந்து நின்ற மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இதே கேள்வி மரத்தைப் பற்றி எழுந்தது. அங்கே நீக்குதல் என்பது கோடரியின் வேலை.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. மலாயாவின் தொடக்ககாலத் தோட்டங்கள் பெரும்பாலும் அவ்வழிப் பெருகிய விதைகளால் ஆனவை. விதையில் எழுந்த மரம் தாய் மரத்தைப் போன்றே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே நிரையில் ஒரே நாளில் நட்ட இரண்டு மரங்களுள் ஒன்று மங்கு நிறையப் பால் தரும். மற்றொன்று மங்கின் அடியை நனைப்பதோடு நின்றுவிடும். ஆனால் இரண்டையும் சீவுவதற்குப் பிடிக்கும் நேரமும் உழைப்பும் ஒன்றே. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பிறகு நூற்றுக்கணக்கான மரங்களை நாள்தோறும் சீவிய தொழிலாளிக்கு எது பால் மரம், எது வெறு மரம் என்பது கிராணியின் ஏட்டில் ஏறுவதற்கு முன்பே தெரியும். சாவகத் தீவில் டச்சு ஆய்வாளர் கிராமர் போன்றோர் மரந்தோறும் பாலைத் தனித்தனியே அளந்து, சிறுபான்மை மரங்களே விளைவில் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய பங்கைத் தருகின்றன என்று கண்டனர்.

தோட்டத் தமிழில் பால் எடுப்பதும் ‘வெட்டு’, மரத்தைச் சாய்ப்பதும் ‘வெட்டு’. குழப்பம் நேராதிருக்க இங்கே பின்னதை ‘வீழ்த்தல்’ என்று கொள்ளலாம்.

அளக்கும் முறை எளியது. மங்கிலேயே பாலை உறைய வைத்து, அக்கட்டியைக் கம்பியில் கோத்து அம்மரத்திலேயே தொங்கவிட்டுப் பின்னர் உலர்த்தி நிறுப்பர். அரிது எதுவெனில், எப்போது அளப்பது என்பதே. புதிதாகக் கத்தி பட்ட மரம் முதல் சில வெட்டுகளில் தன் இயல்பைக் காட்டாது. காயம் பட்டுப் பட்டே பால் பெருகும். இந்த உண்மையை இலங்கையில் ஜான் பார்க்கின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டிருந்தார். இளமரங்களைச் சோதிக்கும் ஹாமேக்கர்–மோரிஸ்–மான் முறையில் முதல் ஐந்து வெட்டுகளின் பால் கணக்கில் சேராது; அடுத்த பத்து வெட்டுகளின் பாலே நிறுக்கப்படும். விரைந்து தீர்ப்புக் கூறுவாருக்கு அந்த ஐந்து வெட்டுகள் வீண் செலவாகவே தோன்றும்.

பருவமும் ஏமாற்றும். வடக்கே உள்ள கெடாவில் ஆண்டின் முதல் மாதங்கள் வறண்டவை. மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் அக்காலத்தில் நல்ல மரமும் பால் குறையும். மாசி மாதத்து ஏட்டை மட்டும் பார்த்துக் குறியிட்டவர் நல்ல மரத்திற்கும் கோடரியை அனுப்பியிருப்பர். இன்னொன்று, பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் நோய். மிகுதியாகப் பால் தந்த மரத்தையே அது பெரிதும் பற்றும். அம்மரம் சோம்பேறியன்று; அளவுக்கு மேல் உறிஞ்சப்பட்டது. அதற்கு வேண்டியது ஓய்வு.

கணக்கில் மறைந்து கிடந்த மற்றொரு பள்ளம் உண்டு. பால் குறைந்த மரங்களை வீழ்த்தினால் மரத்துக்கு இவ்வளவு என்னும் சராசரி உடனே உயரும், துரைக்கு மகிழ்ச்சி. ஆனால் ஏக்கருக்கு இவ்வளவு என்னும் கணக்கு உயர்வதற்கு, எஞ்சிய மரங்கள் கிடைத்த வெயிலையும் மண்ணையும் கொண்டு இழப்பை ஈடு செய்ய வேண்டும். அதற்குக் காலம் ஆகும். அளவு மீறி வெட்டினால் இடைவெளியில் லாலாங் புல் புகும். காற்றுக்கு மரம் சாயும்.

விலையோ இவை எல்லாவற்றையும் புரட்டிப்போடும். 1932-இல் ஓர் இராத்தல் ரப்பர் சில காசுகளுக்கு விற்றபோது, சீவும் கூலிக்கும் பால் தராத மரங்கள் பெருகின. அந்த மந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான தமிழர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1950-இல் கொரியப் போர் மூண்டு விலை ஏறவே, கழிக்கத்தக்க மரமும் காசு தந்தது. மரம் மாறவில்லை.

1950-களில் கேள்வி தனி மரத்தைவிட்டு முழுத் தோட்டத்துக்கும் தாவியது. பழைய விதை மரங்கள் ஏக்கருக்கு ஆண்டில் ஏறத்தாழ 500 இராத்தல் தர, 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பிறரும் உருவாக்கிய ஒட்டு மரங்கள் 1,000 இராத்தலுக்கு மேல் தந்தன. மறுநடவுக்கென 1952-இல் சட்டவழி நிதி ஏற்பட்டது. ஆயினும் புதுக்கன்று பாலுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை பழைய நிரையைச் சீவியவர் எங்கே போவது? பெருந்தோட்டங்களுக்கு வழி இருந்தது. மரத்தின் ஆயுள் முப்பது ஆண்டு எனின், ஆண்டுக்கு முப்பதில் ஒரு பங்கை வீழ்த்தி நட்டால் ஏனைய நிரைகளில் வேலை நிற்காது. நீக்குதலில் இதுவே நேர்மையான கணக்கு எனலாம். காத்திருக்கும் செலவை அது தொழிலாளியின் தலையில் மட்டும் சுமத்தவில்லை.

நடாமல் விற்றவர்களும் இருந்தனர். வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டாடி விற்றனர். வேலையும் லயத்து வீடும் ஒருங்கே போயின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். அதைத் தடுக்கவே வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் தரும் பங்குப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்தார். சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்.