வருவாய் ஆய்வாளர் (திண்டிவனம் – பெருமுக்கல் வட்டாரம்)

குறுவட்டம் எனப்படும் பிர்க்காவிலுள்ள கிராமங்களின் அரசு நிலம், நீர்நிலை, பட்டா நிலம், பயிர், மரம், வரிப்பாக்கி ஆகியவற்றை நேரில் பார்த்து வட்டாட்சியருக்கு அறிக்கை தரும் வருவாய்த்துறை அலுவலர். மக்கள் வழக்கில் இவர் ‘ஆர்.ஐ.’ எனப்படுகிறார். கிராம நிர்வாக அலுவலரின் கணக்கைத் தணிக்கை செய்பவர் இவரே. விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையில் உள்ள பெருமுக்கல், இப்பதவியின் வரலாற்றைப் பார்க்க வாய்ப்பான இடம். மலை, அதன் மேல் சிவன் கோயில், இடிந்த கோட்டை, பாறைச் செதுக்கல்கள் உள்ள குகை, ஏரி, பனை, கருங்கல் குவாரி என்று அரசுக் கணக்கு தனித்தனியே வகைப்படுத்தும் நிலங்களுள் பெரும்பாலானவை இந்த ஓர் ஊரைச் சுற்றியே கிடக்கின்றன.

பழங்காலம்: இப்பகுதி பழைய ஓய்மாநாட்டைச் சேர்ந்தது. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாகும். நிலத்தை அளந்து வரி விதிக்கும் முறை பற்றிய உறுதியான சான்றுகள் சோழர் காலத்தில் கிடைக்கின்றன. முதலாம் இராசராசன் 1001ஆம் ஆண்டையொட்டி நிலத்தை அளப்பித்தான். அப்பணியை நடத்திய சேனாபதி குரவன் ‘உலகளந்தான்’ என்ற பட்டம் பெற்றார். முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1086இல், மறுபடியும் அளவை நடந்தது. வரிக் கணக்கைப் புரவுவரித் திணைக்களம் கவனித்தது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் நில அளவு முந்திரி (320இல் ஒன்று), கீழ்முந்திரி (அதிலும் 320இல் ஒன்று) வரை இறங்குகிறது. ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்திலிருந்தும் ஊர்நத்தம், குளம், ஊடறுத்துச் சென்ற வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்த பிறகே வரி விதித்திருக்கிறார்கள். இன்று புறம்போக்குப் பதிவேட்டைப் புரட்டுபவர் காண்பதும் ஏறத்தாழ இதே பட்டியல்தான். ஓய்மாநாடு முழுவதும் அப்போதே கோல் பிடித்து அளக்கப்பட்டதா என்பதில் முடிந்த முடிவாக எதையும் சொல்வதற்கில்லை. சோழர்களின் அளவை அலுவலரை இன்றைய ஆய்வாளரின் நேர் முன்னோடியாகக் கொள்வதும் சற்று மிகையே.

விசயநகர, செஞ்சி நாயக்கர் காலங்களில் வரி பெரும்பாலும் படைச்சேவைக்காக நிலம் பெற்ற அமரக்காரர், குத்தகைதாரர் வழியே தண்டப்பட்டது.

பெருமுக்கல் கோட்டை 18ஆம் நூற்றாண்டுப் போர்களில் பலமுறை கைமாறியது. ஆங்கிலேயர் ஆவணங்களில் அதன் பெயர் ‘பெர்மக்கோயில்’. 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து அதைக் கைப்பற்றினார். 1782இல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து மீட்டனர். ஒவ்வொரு படையும் வந்து போகும்போது வரியைத் தண்டியது யார், எந்தக் கணக்கின்படி என்பது ஊர்க் கணக்கரான கர்ணத்தின் ஓலையில் மட்டுமே இருந்திருக்கும்.

கம்பெனி ஆட்சிக்காலம்: 1801இல் ஆற்காட்டு நவாபுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் இவ்வட்டாரம் அடங்கிய தென்னார்க்காடு கிழக்கிந்தியக் கம்பெனியின் நேர் ஆட்சிக்குள் வந்தது. 1802ஆம் ஆண்டின் 29ஆவது ஒழுங்குவிதி கர்ணத்தின் கடமைகளை வரையறுத்தது. இடையில் சில ஆண்டுகள் கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள். பின்னர், மன்றோ சென்னை மாகாண ஆளுநராக இருந்த 1820களில், ஒவ்வொரு குடியானவனிடமும் அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை நிலைபெற்றது. ஆய்வாளர் என்ற தேவை பிறந்தது இம்முறையில்தான். ஒவ்வொரு வயலுக்கும் தனித் தீர்வை என்றானபோது, ஒவ்வொரு வயலிலும் ஆண்டுதோறும் விளைந்தது என்ன, காய்ந்தது என்ன என்று யாராவது போய்ப் பார்த்தே ஆக வேண்டும். கலெக்டரோ கடலூரில் இருந்தார். போய்ப் பார்த்தவர்கள் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட தாலுகாச் சிப்பந்திகள்.

அதன் விளைவு 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையில் பதிவாகியுள்ளது. தமிழ்நாட்டு வருவாய் நிர்வாகத்தின் முற்பகுதியை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் ஆவணம் வேறில்லை என்றே சொல்லலாம். சென்னை மாகாணத்தில் வரி தண்டச் சித்திரவதை நடக்கிறது என்ற குற்றச்சாட்டு 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதையொட்டி எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட குழு அமைந்தது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 2,000 முறையீடுகள் வந்தன. தபாலில் எழுதியவர்கள் அதிகம். ஆனால் நூற்றுக்கணக்கான மைல் கடந்து சென்னைக்கே வந்து நின்றவர்களும் உண்டு. அவர்களில் பலர் சொன்ன இரண்டு பெயர்கள் கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது இரண்டு மரக்கோல்களுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள், கழுத்தைக் குனியவைத்துக் கயிற்றால் காலோடு பிணைத்து வெயிலில் நிறுத்துவது. சிலசமயம் முதுகின்மேல் கல்லும் ஏற்றுவார்கள். இவை நடந்தது பெரும்பாலும் சில ரூபாய், சிலசமயம் சில அணாப் பாக்கிக்காக.

சித்திரவதை பரவலாக இருந்தது என்பதைக் குழு ஒப்புக்கொண்டது. பழியைப் பெரும்பாலும் உள்ளூர்ச் சிப்பந்திகள் மேல் சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. இந்தப் பிற்பகுதியை எந்த அளவுக்கு ஏற்பது என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விளைச்சலுக்கு மீறிய தீர்வையை விதித்த அரசு, அதைத் தண்டிய கையை மட்டும் குற்றவாளியாக்கியது என்பது ஒரு சாரார் வாதம். கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதிய கட்டுரை ஏறக்குறைய இதே திசையில் செல்கிறது. அறிக்கையின் தடம் சட்டத்திலும் விழுந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, துன்புறுத்தி வாக்குமூலமோ பொருளோ பெறுவதைக் குற்றமாக்கியது. அதன் விளக்க உதாரணங்களுள் ஒன்றில், பாக்கியைக் கட்டவைக்க ஒருவரைச் சித்திரவதை செய்யும் வருவாய் அலுவலர் வருகிறார். கிட்டியில் விரல் நசுங்கிப் பெயர் தெரியாமல் போன குடியானவர்கள் சட்டப்புத்தகத்தில் விட்டுச் சென்ற சுவடாக அந்த ஒற்றை வரியைக் கொள்ளத் தோன்றுகிறது.

அளவையும் தணிக்கையும்: 1858இல் சென்னை மாகாணத்தில் நில அளவை, நிலவரித் திட்டப் பணி தனித் துறையாக அமைக்கப்பட்டது. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலியால் வயல்கள் அளக்கப்பட்டு, எல்லைக்கல் நடப்பட்டு, சர்வே எண் தரப்பட்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். வருவாய் ஆய்வாளர் பதவி இன்றைய வடிவை எட்டியது அதற்குப் பிந்தைய காலத்தில் எனக் கொள்ளலாம். பாக்கி வசூலுக்கு 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டமும், ஆக்கிரமிப்புக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமும், எல்லைக்கல்லுக்கு 1923ஆம் ஆண்டு அளவை மற்றும் எல்லைகள் சட்டமும் அவருக்கு வழிகாட்டின.

பணியின் மையம் அஸ்மாயிஷ் எனப்படும் பயிராய்வு. கர்ணம் எழுதிய பயிர்க் கணக்கான அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வாளர் சர்வே எண் வரிசைப்படி வரப்பில் நடப்பார். கணக்கில் கம்பு என்றிருக்கும் இடத்தில் கம்புதான் நிற்கிறதா, மல்லாட்டை எனும் நிலக்கடலையா? மரக்காணம் பக்கத்து மணல் நிலத்தில் சவுக்கு வைத்தது எப்போது? புஞ்சை நிலத்துக்கு ஏரித் தண்ணீர் பாய்ந்திருந்தால் தீர்வை ஜாஸ்தி. புறம்போக்கில் அனுமதியின்றி உழுதிருந்தால் அது சிவாய்ஜமா. உழுதவருக்கு ‘பி மெமோ’ என்ற ஆக்கிரமிப்புக் குறிப்பு போகும். அரசு நிலத்து மரங்களுக்குத் தனிக் கணக்கு, தனிப் பட்டா உண்டு. புளி எத்தனை, பனை எத்தனை, எதில் பலன் எடுப்பவர் யார் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். பழைய மரக் கணக்குகள் கிடைக்கும் கிராமங்களில், ஓர் ஏரிக்கரையில் நின்ற பனைகளை இன்றும் எண்ணிப் பார்த்துவிடலாம். வேறெந்த வரலாற்று நூலும் தராத செய்தி அது.

ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறையின் பசலி ஆண்டுக்கான இக்கணக்குகள், ஆண்டுத் தணிக்கையான ஜமாபந்தியில் ஒப்பிட்டு முடிக்கப்படும்.

பஞ்சமி நிலம்: செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அந்நிலமே பஞ்சமி நிலம் எனப்படுகிறது. பத்தாண்டு வரை விற்கக்கூடாது, அதன் பின்னும் அம்மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. இந்நிபந்தனை காக்கப்பட்டதா என்பது, களத்துக்குச் சென்ற ஆய்வாளர் என்ன எழுதினார் என்பதையே பெரிதும் பொறுத்தது. பல ஊர்களில் நிலம் கைமாறி, பதிவேட்டிலும் பெயர் மாறியது. செங்கல்பட்டை அடுத்த காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994இல் நடந்த துப்பாக்கிச் சூடு இரண்டு உயிர்களைப் பறித்தது. நில ஆவண வரலாற்றில் இதைவிட வேதனையான பக்கம் குறைவு.

விடுதலைக்குப் பின்: பரம்பரைக் கிராம அலுவல் அரசமைப்புக்கு முரணானது என்று ஓர் ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து கர்ணம், ஊர்த் தலைவரான மணியக்காரர் ஆகிய பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதை ஏற்றது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தனர். பழைய கர்ணங்களோடு பல ஊர்களின் நிலநினைவும் போய்விட்டது என்பாரும், சாதிப் பிடி தளர்ந்தது என்பாரும் உள்ளனர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். இதே காலத்தில், 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் பதிவேடுகளைப் புதுப்பித்தது. அதில் நுழைந்த பெயர்ப் பிழை, பரப்புப் பிழை மனுக்கள் இன்றும் ஆய்வாளர் மேசைக்கு வருகின்றன.

1993இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று.

அண்மைக்காலம்: வருமானம், வாரிசு, சாதிச் சான்றுகளுக்கான விசாரணை இன்று ஆய்வாளரின் பொழுதில் பெரும்பங்கைக் கொள்கிறது. நில ஆவணங்களான சிட்டா, அ-பதிவேடு ஆகியவை இணையத்தில் கிடைக்கின்றன. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி சதுப்புநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லை, ஆக்கிரமிப்புப் பிரச்சினைகளில் வருவாய்த்துறையோடு வனத்துறையும் சேர்ந்துள்ளது. பெருமுக்கல் வட்டாரத்தில் குவாரிகளின் எல்லையைக் கண்காணிப்பது கனிமவளத்துறையோடு சேர்ந்த பணி. மலையின் தொல்சின்னங்களுக்குக் கல்லுடைப்பால் ஊறு நேரும் என்று தொல்லியல் ஆர்வலர்கள் கவலை தெரிவித்து வருகின்றனர்.