தாயின் கண்ணும் ஆய்வின் தராசும்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஓட்டிசத்தின் வரலாறோ ஒரு தகப்பனின் கடிதத்துடன் ஆரம்பிக்கிறது. 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபொரெஸ்ட் என்ற சிறிய நகரில் வாழ்ந்த சட்டத்தரணி ஒருவர், தனது 5 வயது மகனின் நடத்தைகளை 33 பக்கங்களில் விபரித்து, பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய சிறுவர் உளமருத்துவர் லியோ கனருக்கு அனுப்பிவைத்தார். 1943 இல் கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்றவர் அந்த மகன்தான். டொனால்ட் டிரிப்ளெட் என்ற அவர் சொந்த ஊரிலேயே வங்கி ஊழியராகப் பணியாற்றி, 2023 இல் 89 ஆவது வயதில் காலமானார். அந்த 11 பிள்ளைகளில் 6 பேருக்கு ஆரம்பம் முதலே உணவூட்டுவது பெரும் சிரமமாக இருந்ததையும் கனர் பதிவுசெய்திருக்கிறார். ஆகவே, உணவு பற்றிய பெற்றோரின் கவலை ஓட்டிசம் பற்றிய முதல் கட்டுரையிலேயே இருக்கிறது.

பெற்றோரின் நுணுக்கமான அவதானிப்புக்கு மருத்துவ உலகம் செய்த கைமாறு கொடுமையானது. அவர்களது பாசக்குறைவே பிள்ளைகளை இந்நிலைக்குத் தள்ளியது என்ற கருத்து 1950 களிலும் 1960 களிலும் மேலோங்கியிருந்தது. 'குளிர்சாதனப்பெட்டித் தாய்மார்' என்ற வசைச்சொல் புழக்கத்துக்கு வந்தது. நாஸி வதைமுகாம்களில் கைதியாக இருந்து மீண்ட புரூனோ பெட்டல்ஹைம், 1967 இல் வெளியிட்ட நூலில் அந்த முகாம்களின் கைதிகளுடன் இப்பிள்ளைகளை ஒப்பிடும் அளவுக்குச் சென்றார். இரவு பகலாகக் கண்விழித்த தாயே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டாள்.

அந்தக் கூண்டை உடைத்தவரும் ஒரு தகப்பனே. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பேர்னார்ட் ரிம்லண்ட், ஓட்டிசம் உடலியல் சார்ந்தது என்று வாதிட்டு 1964 இல் எழுதிய நூலுக்குக் கனரே முன்னுரை வழங்கினார். மறுவருடம் பெற்றோர்களின் தேசிய சங்கம் உருவானது. 1969 இல் அச்சங்கத்தின் மாநாட்டுக்கு வந்த கனர், பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார். ஆனால், விடுதலை கிடைத்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை. பெற்றோர் தாமே தேட ஆரம்பித்தனர். அந்தத் தேடல் சமையலறைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அதற்கு ஒரு முன்னுதாரணம் இருந்தது.

நோர்வேயில் போர்க்னி எகெலண்ட் என்ற தாய்க்கு மனவளர்ச்சி குன்றிய இரு பிள்ளைகள் இருந்தனர். அவர்களது சிறுநீரில் விநோதமான வாடை வீசுவதை அவர் கவனித்தார். பல வைத்தியர்களிடம் அலைந்தும் பதில் கிடைக்கவில்லை. இறுதியில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற வைத்தியர் அந்தச் சிறுநீரைப் பரிசோதித்து, 1934 இல் ஒரு புதிய நோயைக் கண்டறிந்தார். ஃபீனைல்கீட்டோனூரியா எனப்படும் அந்த நோயில், புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடலால் உரியமுறையில் மாற்ற முடியாமல் மூளை பாதிக்கப்படுகிறது. சிகிச்சை பெறாத பிள்ளைகள் சிலரிடம் ஓட்டிசத்தின் அடையாளங்களும் தென்படுவதுண்டு.

1951 இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற வைத்தியரை இன்னொரு தாய் விடாமல் நச்சரித்தார். அந்தப் பொருளை நீக்கிய உணவைப் பிக்கலும் அவரது சகாக்களும் தயாரித்துக் கொடுத்தனர். நிற்கவும் இயலாமல் தலையை மோதிக்கொண்டிருந்த அவரது மகள் சில மாதங்களில் தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், மோதுவது நின்றது. ஆனால் பிக்கல் அத்துடன் திருப்தியடையவில்லை. தாய்க்குத் தெரியாமல் அப்பொருளை மீண்டும் உணவில் சேர்த்தார். பிள்ளை விரைவாகப் பின்னடைந்தது. பெற்றோரின் சம்மதமற்ற அத்தகைய சோதனையை இன்றைய மருத்துவ அறம் அனுமதிக்காது. எனினும், மாற்றத்துக்குக் காரணம் உணவுதான் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது அந்தச் சோதனையே.

ஓட்டிசத்திலும் இது நிகழுமா? கோதுமையின் குளூட்டனும் பாலின் கேசீனும் முழுமையாகச் செரிக்காமல் அபின் போன்ற பொருள்களாக மூளையைத் தாக்குகின்றன என்ற ஊகத்தை முன்வைத்தவர்களில் நோர்வேயின் கார்ல் ரெய்கெல்ட் முக்கியமானவர். 2002 இல் அங்கு 20 பிள்ளைகளிடம் ஒரு வருடம் நடத்தப்பட்ட ஆய்வு நம்பிக்கையூட்டியது. ஆனால், தம் பிள்ளை எந்த உணவை உண்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருந்தது. யாருக்கும் தெரியாதவாறு உணவை மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்வுகள் பின்னர் அமெரிக்காவில் நடந்தன. 2006 இல் வெளியானதில் 15 பிள்ளைகளும் 2015 இல் வெளியானதில் 14 பிள்ளைகளும் பங்குகொண்டனர். இரண்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முதலாவது ஆய்வில் பெற்றோர் சிலர் முன்னேற்றத்தைக் கண்டதாகவே கூறினர். சிறிய ஆய்வுகள்தான், ஆயினும் அவை சொல்லும் செய்தி ஒன்றே.

பத்திரிகைத் தொழிலில் பல தசாப்தங்களைக் கழித்த எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. சாட்சி உண்மையையே பேசுகிறார். ஆனால் சாட்சியம் சரிபார்க்கப்படவேண்டும். பிள்ளை வளர்கிறது, நல்ல நாளும் கெட்ட நாளும் மாறிமாறி வருகின்றன, நம்பிக்கை பார்வைக்கு நிறம் பூசுகிறது. பாணும் கோதுமைமாப் புட்டும் பால்தேநீரும் இல்லாத வீட்டை நடத்துவது எங்கள் குடும்பங்களில் எளிதன்று. ஏற்கெனவே நாலைந்து உணவுகளையே ஏற்கும் பிள்ளையிடமிருந்து பாலையும் பறித்தால், ஈடாகக் கல்சியம் கொடுக்காதபோது எலும்பும் பாதிக்கப்படும். அதேவேளை, பேச இயலாத பிள்ளை தலையை மோதுவது மலச்சிக்கலாலோ பல்வலியாலோ இருக்கலாம். அதை முதலில் உணர்பவர் தாயே. வைத்தியர் அதைச் செவிமடுத்தாகவேண்டும்.

பயிற்சிச் சிகிச்சையின் கதையும் இத்தகையதே. கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ், வாரத்துக்கு 40 மணித்தியாலப் பயிற்சியால் 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்புக்குச் செல்லும் நிலையை எட்டியதாக 1987 இல் அறிவித்தார். அவர் 1960 களில் மின்அதிர்ச்சியையும் அடியையும் பயன்படுத்தியவர் என்பதை மறத்தலாகாது. பிற்காலத்து வழி மென்மையானது. பிள்ளையுடன் விளையாடும் காணொளியைப் பெற்றோருக்கே காட்டி, அதன் சிறு சைகைக்கும் பதிலளிக்கப் பழக்கிய பிரித்தானிய ஆய்வில் 152 பிள்ளைகள் பங்கேற்றனர். ஏறத்தாழ 6 வருடங்களின் பின்னரும் பயன் நீடித்ததாக 2016 இல் முடிவு வெளியானது. அதே முறையைத் தழுவி, நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு கோவாவிலும் ராவல்பிண்டியிலும் பரீட்சித்ததன் முடிவும் அதே ஆண்டில் வந்தது. பெற்றோர் பிள்ளையின் சைகைக்குப் பதிலளிக்கும் விதம் அங்கும் மேம்பட்டது.

ஒரு காலத்தில் நோய்க்குக் காரணம் என்று தூற்றப்பட்ட தாய், இன்று சிகிச்சையின் மையத்தில் இருக்கிறார். இந்த மாற்றத்துக்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. தாயின் கண்ணை மருத்துவம் மதிக்கவேண்டும். ஆய்வின் தராசைப் பெற்றோரும் மதிக்கவேண்டும். ஒன்று மற்றொன்றைப் புறக்கணித்த ஒவ்வொரு தருணத்திலும் விலை கொடுத்தது வாய்திறந்து முறையிட முடியாத பிள்ளைதான்.