லாஸ் பின்யாஸ் மூங்கில் ஆர்கன்

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குத் தெற்கே, லாஸ் பின்யாஸ் நகரின் புனித சூசையப்பர் ஆலயத்தில் உள்ள பழமையான குழாய் ஆர்கன். இதன் 1,031 குழல்களில் 902 மூங்கிலால் ஆனவை. எஞ்சிய 129 உலோகம்.

இதைச் செய்தவர் ஆலயத்தின் முதல் பங்குத்தந்தையான ஸ்பானியத் துறவி தியேகோ செரா. 1816இல் வேலையைத் தொடங்கியவர், வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தார். பச்சை மூங்கிலின் மாவுச்சத்து வண்டுகளை இழுக்கும். பூச்சி அரித்தவை கழிந்துபோக, தப்பி நின்றவையே குழலாயின. இரண்டு நூற்றாண்டு ஆயுளுக்கு அடித்தளம் இந்தப் பொறுமைதான். 1821இல் ஆர்கன் வாசிக்கும் நிலைக்கு வந்தது. ட்ரம்பெட் ஒலி தரும் குழல்களின் முழக்கம் மூங்கிலில் எழாது என்பதால் அக்குழல்களை உலோகத்தில் செய்து, ஸ்பானிய வழக்கப்படி முகப்பில் கிடைமட்டமாகப் பொருத்தி, 1824இல் வேலையை முடித்தார்.

பின்னர் வந்த நிலநடுக்கங்களும் சூறாவளிகளும் ஆலயத்தையும் ஆர்கனையும் மாறி மாறிச் சிதைத்தன. அவ்வப்போது ஒட்டுவேலை நடந்தாலும், நெடுங்காலம் ஆர்கன் முழுக்குரலில் ஒலிக்கவில்லை.

1973இல் அதைக் கழற்றி, ஜெர்மனியின் பான் நகரிலுள்ள யோஹனஸ் க்ளைஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். குளிர்நாட்டில் சூடேற்றிய அறைகளின் வறண்ட காற்று பட்டால் மூங்கில் வெடித்துவிடும். அதனால் பிலிப்பைன்ஸின் வெப்பமும் ஈரப்பதமும் நிலவும் தனி அறையைப் பட்டறைக்குள்ளேயே அமைத்து, அதில் வைத்துச் செப்பனிட்டார்கள். இந்தச் சீரமைப்பில் போற்றத்தக்க முடிவு இதுவே. 1975இல் ஆர்கன் ஊர் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் ஆலயமும் பழைய தோற்றத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

சீரமைப்போடு பராமரிப்பு முடிந்துவிடுவதில்லை. வெயில் ஏற ஏறக் காற்றில் ஒலியின் வேகம் கூடி, மூங்கில் குழல்களின் சுருதி உயரும். ட்ரம்பெட்டில் ஒலி எழுப்புவது மெல்லிய உலோக நாக்கு. அதன் சுருதி அந்த அளவுக்கு நகராது. காலையில் சேர்த்த சுருதி நண்பகலில் விலகிவிடும். எனவே சுருதி சேர்ப்பவர் நாக்கை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பியை மயிரிழை அளவு மேலும் கீழும் தட்டி, ட்ரம்பெட்டுகளை மூங்கிலின் சுருதிக்குக் கொண்டுவருகிறார். நாக்கின் அதிரும் பகுதி நீண்டால் சுருதி இறங்கும்; குறுகினால் ஏறும். காதை நம்பிச் செய்யும் வேலை இது.

1976 முதல் ஆண்டுதோறும் இங்கே மூங்கில் ஆர்கன் இசைவிழா நடைபெறுகிறது. 2003இல் பிலிப்பைன்ஸ் தேசிய அருங்காட்சியகம் இதைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அதைவிடப் பெரிய பேறு, ஆர்கன் செய்யும் தொழில் அந்த மண்ணிலேயே வேரூன்றியதுதான். செராவின் பெயரில் 1994இல் லாஸ் பின்யாஸில் தொடங்கிய ஆர்கன் பட்டறையே அடுத்த பெரும் சீரமைப்பைச் செய்தது. அதற்காக ஆர்கன் கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை.