கோல் காவலரிலிருந்து தலைமை நிர்வாகி வரை

போர்ட் கிள்ளானில் பந்துப் பைத்தியங்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. அப்பா காலத்தில் ஆட்டக்காரரின் பெயரைச் சொன்னால் போதும். என் வயதுக்காரர்கள் பயிற்றுநரின் பெயருக்காகச் சண்டை போட்டோம். இப்போதைய பையன்கள் தேசியக் குழுவின் தலைமை நிர்வாகி யார், அவரை யார் கொண்டுவந்தார்கள் என்று பேசுகிறார்கள். புது நியமனம் வந்தால் தேத்தண்ணிக் கடையில் எழும் சத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. குழு நம்மைவிட்டு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து வின்ச் இறக்கும் ஒவ்வொரு தூக்குச் சரக்கையும் எண்ணிக் கோடு போட்டு, சரக்குப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதுதான் வேலை. கணக்கு பார்க்கும் புத்தி இன்னும் போகவில்லை.

1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறந்த துறைமுகம், 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. அதே ஆண்டுதான் மலேசியா மூனிக் ஒலிம்பிக்கில் காற்பந்து ஆடியது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றாலும் அமெரிக்காவை 3-0 என்று வென்றது. தற்காப்பில் எம். சந்திரன் நின்றார். இரண்டு ஆண்டு கழித்து தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்தக் குழுவுக்குப் பயிற்றுநர் எம். குப்பன். இன்று நம்மவர் ஒருவருக்கு அந்தப் பதவி கிடைத்தால் தமிழ்ப் பத்திரிகைகள் முதல் பக்கத்தை ஒதுக்கிவிடும். அன்று அப்பா வாயில் குப்பனின் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. திடலிலேயே நம் ஆட்கள் நின்றபோது, ஓரத்தில் நிற்பவரைப் பற்றி யாருக்குக் கவலை?

அப்புறம் வந்தவர் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 1953இல் எங்கள் ஊரில் பிறந்தவர். கை நீளம்; அதனால் நாடே அவரை ஸ்பைடர்மேன் என்று அழைத்தது. 1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை வென்றால் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி. எங்களுக்கோ ஓவர்டைம். கிடங்கில் அரிசி மூட்டைமேல் வானொலி உட்கார்ந்திருந்தது. சந்தோக் சிங் ஒரு கோல் அடித்தார். கொரியா திருப்பி அடித்தது. கடைசியில் ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் 2-1. வின்ச் ஓட்டுபவர் கைப்பிடியை விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார். அந்த நேரத்தில் எத்தனை மூட்டை இறங்கியது என்று என் தாளில் கோடே இல்லை. அன்று ஒருவரும் பயிற்றுநர் யார் என்று கேட்கவில்லை. "ஆறுமுகம் எத்தனை பந்த புடிச்சாரு?" என்பதே பேச்சு.

ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்த விவகாரத்தில் மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்தது. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். 2016இல் வந்த 'ஓலா போலா' படத்தில் முத்து என்ற கோல் காவலராக அவர் சாயலில் ஒரு பாத்திரம் உண்டு. அதே படத்தில் வெள்ளைக்காரப் பயிற்றுநர் ஒருவர் வருகிறார். ஆட்டக்காரர்கள் முதலில் அவரை நம்புவதில்லை. படம் பார்த்த என் பேரன், "தாத்தா, கோச் வந்தப்புறம்தான டீம் ஜெயிச்சிச்சு?" என்றான். இந்தத் தலைமுறைக்குக் கதை அப்படித்தான் புரிகிறது.

அந்தப் புரிதல் எங்கிருந்து வந்தது? ஆட்டக்காரர்கள் உருவான இடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதிலிருந்து. சிலாங்கூர் தோட்டங்களில் லயங்களுக்குப் பக்கத்தில் ஒரு திடல் கட்டாயம் இருக்கும். காலையில் பால் மரம் வெட்டியவர் மாலையில் வெறுங்காலோடு பந்தாடுவார். தோட்டத்துக்குத் தோட்டம் கிண்ணப் போட்டி நடக்கும். பிறகு தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகின. புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜாவானது. நார்த் ஹம்மோக் தோட்டத்தில் செத்தியா அலாம் எழுந்தது. லயத்து ஜனம் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனது. திடல் கூடவே போகவில்லை. அதற்கு மேல் 1994-95இன் காற்பந்து லஞ்ச விவகாரம் வேறு. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களை விசாரித்து, பலரைத் தடை செய்து, சிலரை நீக்கினார்கள். பிள்ளையைப் பந்தாட அனுப்பத் தயங்காத தகப்பன் இல்லை.

ஆட்டக்காரர் குறைய, பயிற்றுநர் பெயர் பெரிதானது. கெமரூனை ஆப்பிரிக்கக் கிண்ணம் வெல்லவைத்த குளோட் லெ ரோய் வந்தார், போனார். பார்சலோனாவில் டெர்ரி வெனபிள்ஸுக்குத் துணையாக இருந்த ஆலன் ஹாரிஸ் வந்தார், போனார். ஹங்கேரிக்காரர் பிச்கேய், பினாங்கில் சிங்கப்பூருக்கு எதிரான நட்புமுறை ஆட்டத்தில் கோபத்தில் போத்தலைத் திடலுக்குள் வீசினார், அவரும் போனார். ஒவ்வொரு முறையும் கடையில் ஒரே பல்லவி: "இந்த ஆளு செய்வாருண்ணே."

2007 ஆசியக் கிண்ணத்தைச் சொந்த மண்ணில் நடத்தி, சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு பி. சத்தியநாதன் பொறுப்புக்கு வந்தார். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-5 தோல்வி. அவர் காலமும் முடிந்தது. அடுத்து கே. ராஜகோபால்.

அந்தச் செய்தி வந்த காலை, மாமாக் கடையில் தமிழ்ப் பத்திரிகை கைக்குக் கை மாறி, தே தாரிக் கறையோடு என்னிடம் வந்தது. பக்கத்து மேசைப் பெரியவர், "மறுபடியும் நம்மாளு. தோத்தா நம்மளத்தான் ஏசுவானுங்க" என்றார். பெருமையும் பயமும் ஒரே வாக்கியத்தில். அன்று தேசியக் குழுவில் தமிழ்ப் பெயர்கள் ஒன்றிரண்டுதான், எஸ். குணாளன் போல யாராவது. எங்கள் கௌரவம் மொத்தத்தையும் ஓரத்தில் நிற்கும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டோம்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே ராஜகோபால் லாவோஸில் சீ விளையாட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்தார். 20 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த தங்கம். ஆனாலும் 2010 டிசம்பர் 1இல், ஆசியான் நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றதும், கடையில் பாதிப்பேர் "மாத்தணும்லா" என்றார்கள். நான்கு வாரம் கழித்து அதே இந்தோனேசியாவை புக்கிட் ஜாலிலில் 3-0 என்று சாய்த்து, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தத்தில் 4-2 கணக்கில் கிண்ணம் நமதானது. டிசம்பர் 31 பொது விடுமுறை. மாற்றச் சொன்ன வாய்கள்தான் அன்று எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தன.

2015இல் பயிற்றுநர் டோலா சாலே காலத்தில் அரபு சிற்றரசிடம் 0-10. சில நாளில் ஷா ஆலாமில் சவூதிக்கு எதிரான ஆட்டத்தின்போது ரசிகர்கள் தீப்பந்தங்களைத் திடலுக்குள் வீச, ஆட்டம் முடியுமுன்பே நின்றது. 2024 ஜனவரியில் பயிற்றுநர் கிம் பான் கோனின் குழு தென்கொரியாவோடு 3-3 சமன் கண்டது. ஜூலையில் அவர் விலகினார். டிசம்பரில் கனடாக்காரர் ரோப் ஃப்ரெண்ட் தேசியக் குழுவான ஹரிமாவ் மலாயாவின் தலைமை நிர்வாகியாகவும், ஆஸ்திரேலியர் பீட்டர் கிலாமோவ்ஸ்கி பயிற்றுநராகவும் அறிவிக்கப்பட்டார்கள். கடையில் பையன்கள் பட்ஜெட், ஒப்பந்தம், குடியுரிமை என்று பேசினார்கள். பந்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்றதும் வாயடைத்துப் போனோம். செப்டம்பரில் ஃபிஃபா, மலேசியாவுக்கு ஆடிய, வெளிநாட்டில் பிறந்த ஏழு பேருக்குத் தடை விதித்தது. அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் மலேசியாவில் பிறந்ததாகக் கொடுத்த பிறப்புப் பத்திரங்கள், அசல் பதிவோடு ஒத்துப் போகவில்லை. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. இதைப் படித்தபோது எனக்கு வந்தது தொழில் கோபம். தாளில் ஒன்று, கப்பலில் ஒன்று என்றால் எங்கள் கிடங்கில் ஒரு மூட்டைகூட நகராது. இன்னொரு கோபமும் உண்டு. இந்த மண்ணிலேயே பிறந்து, பால் மரம் வெட்டிக் கிழடாகியும், ஒரு பத்திரம் இல்லாத குறைக்குக் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசியோடு காலம் தள்ளும் தோட்டத்துப் பெரியவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் யாரையும் தேடி எந்த நிர்வாகியும் வரவில்லை.

எனவே அடுத்த பெயர் அறிவிக்கப்படும்போது, அவர் எந்த நாட்டுக்காரர், நம்மாளா என்று கேட்கப் போவதில்லை. கிள்ளான் வட்டாரத்தில் 13 வயதுப் பையன்கள் ஆடுகிற திடல் எத்தனை இருக்கிறது, அதில் எத்தனைக்கு அவர் ஆள் அனுப்பினார் என்று கேட்பேன். அந்தக் கணக்கைச் சரிபார்க்க எனக்குத் தெரியும்.