படக்குறிப்பில் இல்லாத பெயர்

பழைய அமெரிக்க வாழ்வை நினைவுகூரப் பகிரப்படும் படங்களுள் ஒரு தாயின் முகம் பெரும்பாலும் இடம்பெறும். கன்னத்தருகே விரல்கள், தோள்களில் முகம் புதைத்த இரு குழந்தைகள், மடியில் கைக்குழந்தை. 1936-இன் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்கும் கூலிகள் தங்கியிருந்த முகாமில் டோரத்தியா லாங் எடுத்த படம் அது. அரசின் மீள்குடியேற்றத் துறைக்காக எடுக்கப்பட்டதால் எவரும் தடையின்றி அச்சிட முடிந்தது.

படக்குறிப்பில் அவளது வறுமை உண்டு. தொழில், வயது 32, குழந்தைகள் ஏழு, ஊர் அனைத்தும் உண்டு. பெயர் மட்டும் இல்லை. லாங் அதைக் கேட்கவேயில்லை. செய்தித்தாளில் படம் வெளிவந்ததும் அரசு அம்முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அக்குடும்பம் வேறிடம் போய்விட்டது.

பெயரற்ற முகத்தின்மீது உலகம் தன் கதையை எழுதிக்கொண்டது: புழுதிப்புயலால் நிலமிழந்து மேற்கே வந்த வெள்ளைக்கார உழவர் குடும்பத்துப் பெண் என்று. 1978-இல் அவர் தம்மை வெளிப்படுத்திக்கொண்டபோதுதான் உண்மை தெரிந்தது. பெயர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி பழங்குடி மரபினர். கலிபோர்னியாவுக்கு வந்தது புயல்களுக்கு முன்பே, 1920-களில். அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று வருந்தினார். 1983-இல் மறைந்தார்.

படம் பொய் சொல்லவில்லை. குறிப்புதான் பாதியில் நின்றது. இனி அதைப் பகிர்வோர் கீழே அந்தப் பெயரையும் எழுதலாம். 42 ஆண்டுகள் விடுபட்டிருந்த சொல் அது.